நேசராணி பேரில் றிச்சர்ட் கங்காணி படித்த படிப்பு

றிச்சர்ட் கங்காணியின் குரலுக்கு வேலி கிடையாது. தேக்கமலைத் தோட்டத்தின் பெரட்டுக் களத்தில் காலையில் நின்று அவர் ஆட்களின் பேரைக் கூப்பிட்டால், பள்ளத்துக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துப் பெண்களில் ஒன்றிரண்டு பேர் பழக்கதோசத்தில் "வந்துட்டேங்க" என்று சொல்லிவிடுவார்கள். பிறகுதான், நம்ம கங்காணி இவரில்லையே என்று நினைவு வரும். லுணுகலை டவுனில் கருவாடு வாங்கினாலும் அதே குரல்தான். ஒருமுறை அவர் விலை கேட்டதைச் சண்டை என்று நினைத்துக் கடைக்காரர் பாதிக் கதவைச் சாத்திவிட்டார்.

குரல் அப்படி, ஆள் மோசமில்லை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு மலைக்கு வந்தவர். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி, மருந்தடித்து, கடைசியில் கொழுந்தெடுக்கும் பெண்களை மேய்க்கிற கங்காணி ஆனார். கொழுந்தெடுக்கத் தொடங்கின செடி வரிசையை, அதாவது நிரையை, யாரும் பாதியில் விட்டுவிட்டுப் போவது அவருக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பதை நாலு மலைக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லுவார். அவ்வளவுதான்.

அவருடைய பெண்சாதி நேசராணி இதற்கு நேர்மாறு. அவள் பேசுவது பக்கத்தில் நிற்கிறவருக்கே பாதிதான் கேட்கும். தாய்மார் மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் அவள் பல வருசமாக உதவிக்கு நின்றாள். பொறுப்பாக இருந்த ஆயம்மா ஓய்வு பெற்றுப் போன பிறகு, தொட்டில் ஆட்டுவதிலிருந்து மூக்குச் சிந்திவிடுவது வரைக்கும் எல்லாம் அவள்தான். ஆனால் பேருக்கு உதவியாள்.

அப்போதுதான் கொரோனா வந்தது. ஊரெல்லாம் அடைத்தார்கள். பதுளைக்கு பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, கோயிலில் பூசை இல்லை. தேயிலைக்கு மட்டும் ஊரடங்கு தெரியாது. அது பாட்டுக்குத் துளிர்த்துக்கொண்டிருந்தது. அதனால் ஆட்கள் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். பிள்ளைக்காம்பராவைப் பூட்டினார்கள். நேசராணியின் தலையில் கொழுந்துச் சாக்குக் கயிறு ஏறியது. அதுவும் புருசன் மேய்க்கிற கும்பலிலேயே.

சரிவில் ஏறி இறங்கி அவளுடைய முழங்கால் வீங்கியது. பிள்ளைக்காம்பரா எப்போது திறக்கும் என்று தோட்டத்து ஆபீசில் கேட்கப் போனாள். பெரிய கிளாக்கர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்:

"திறக்கத்தான் போறோம் நேசராணி. ஆனா இனிமே சர்டிபிகேட் உள்ள ஆளத்தான் பொறுப்பா போடணுமாம். ஒன்லைன்ல ஒரு கோர்ஸ் இருக்கு, காசு கெடையாது. முடிச்சிட்டா அந்த எடம் ஒனக்கு. முடிக்கலன்னா வெளியில இருந்து ஆள் எடுப்பாங்க, ஒனக்கு மலைதான்."

அன்றைக்குச் சாயந்தரம் நேசராணி அடுப்படியில் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "எனக்கு அந்த எடம் வேணும்ங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் தனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டது கங்காணிக்கு நினைவில்லை. அதனால் விசயம் பெரிது என்று விளங்கிக்கொண்டார்.

"கோர்ஸுதானே? முடிச்சிருவோம்" என்றார். "முடிச்சிருவோம்" என்று பன்மையில் சொன்னதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு போன். மகள் ஜெசீகா உயர்தரம் படிக்கிறாள், போன் அவளுடையது. தாயும் மகளும் முறை வைத்துக்கொண்டார்கள். அவர்கள் குடியிருந்த லயத்தில் சிக்னல் கிடையாது. தோட்டம் முழுக்கத் தேடினால் அது ஒழுங்காகக் கிடைக்கிற இடம் ஒன்றுதான்: நாலாம் நம்பர் மலையின் வளைவில், கொழுந்து நிறுக்கிற மடுவம். லொறி வந்து கொழுந்தை ஏற்றிக்கொண்டு போன பிறகு, அங்கே தகரக் கூரையும், தராசும், வெறும் சாக்குகளும், அட்டைகளும் மட்டும் இருக்கும். அட்டை என்றால் இரத்தம் குடிக்கிற அட்டை. அதற்கும் கொழுந்துக்கும் ஒரே சீசன்.

கோர்ஸை நடத்தியவர் பதுளையில் இருந்த அகீலா மிஸ். ஊவா மாகாணத்துத் தோட்டங்களிலிருந்து ஏகப்பட்ட பெண்கள் சேர்ந்திருந்தார்கள். முதல் கிழமை ஏழு நாளும் வட்ஸ்அப் குரூப்பில் ரோசாப்பூவும் காலை வணக்கமும் குவிந்து ஜெசீகாவின் போன் சூடேறிப் போனது. இரண்டாம் கிழமை பூ குறைந்தது. மூன்றாம் கிழமை பூவும் இல்லை, ஆளும் இல்லை. மொனராகலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி மாடு கன்று போட்டதைச் சொல்லிவிட்டு அப்படியே காணாமல் போனாள். அகீலா மிஸ் மட்டும் சூரியன் உதிக்கிற படம் ஒன்றைப் போட்டு, "விடாமுயற்சியே வெற்றி" என்று தினமும் எழுதினார். பதிலுக்கு ஒருத்தரும் கையைக்கூடக் காட்டவில்லை.

நேசராணியும் தளர்ந்துகொண்டுதான் வந்தாள். பகல் முழுக்கக் கொழுந்து. பிறகு மடுவத்தில் சாக்கின்மேல் உட்கார்ந்து வீடியோ. அவளுக்குப் பின்னால் கையில் கம்போடு கங்காணி.

"முன்னுக்குப் பாரு! அங்க என்னா வேடிக்கை?"

"அட்டைங்க. கால்ல ஏறுது."

"அது குடிக்கிறத குடிக்கட்டும். நீ படிக்கிறத படி. கண்ணு சொருகுது பாரு! ஏய்!"

அந்த "ஏய்" போனுக்குள்ளிருந்த அகீலா மிஸ்ஸையே திடுக்கிட வைத்திருக்கும். நல்ல வேளையாக அது ஏற்கனவே பிடித்து வைத்த வீடியோ.

நாலைந்து பாடத்தோடு நேசராணி போனைப் புருசன் கையில் கொடுத்தாள். "மண்டையில ஏறலங்க. விட்ருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

கங்காணி கம்பைத் தரையில் ஓங்கிக் குத்தினார். நிரையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறாள்! அதுவும் கங்காணி பெண்சாதி! போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரையின் அடியில் பச்சைக் கோடு ஒன்று கால்வாசி தூரம் வந்து நின்றிருந்தது. அது வலது பக்கத்து முனையைத் தொட்டால் கோர்ஸ் முடிந்தது என்று ஜெசீகா சொல்லியிருந்தாள். அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஒரு யோசனை ஓடியது. அது தேயிலை மலையில் பிறந்து வளர்ந்த மண்டையில் மட்டும் ஓடக்கூடிய யோசனை.

கொழுந்து தாறுமாறாக வருகிற காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் மலை திறப்பார்கள். அதற்குக் கைக்காசு என்று பேர். அன்றைக்குப் பேர்போட்ட ஆள் மட்டும்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. புருசன் இறங்குவான், லீவில் நிற்கிற பிள்ளை இறங்கும், சும்மா வந்த மச்சினனும் இறங்குவான். எல்லார் கைக் கொழுந்தும் ஒரே சாக்கில் விழும். ஒரே பேரில் நிறுப்பார்கள். எந்தக் கை எவ்வளவு கிள்ளியது என்று தராசு கேட்காது. இது களவில்லை, எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்.

"படிப்பும் அப்படித்தானே?" என்றார் கங்காணி மகளிடம். "பேரு அம்மா பேரு. எடுக்கிறது குடும்பமா எடுப்போம்."

"அப்பா, அது அப்பிடி இல்ல."

"என்னா இல்ல? பச்சைக் கோடு கேக்குதா யாரு பாக்கிறான்னு?"

ஜெசீகா யோசித்துப் பார்த்தாள். பச்சைக் கோடு கேட்கவில்லைதான். அம்மாவின் முழங்காலையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து கங்காணி வீடியோ பார்த்தார். கேள்விகளுக்கு ஜெசீகா விடை தட்டினாள். கழிவுப் பொருளில் விளையாட்டுச் சாமான் செய்யச் சொன்னபோது, பக்கத்துக் காம்பரா வேலாயி பால்மா டின்னுக்குள் கூழாங்கல் போட்டு ஒரு கிலுகிலுப்பை செய்து கொடுத்தாள். எதற்கு என்று அவள் கேட்கவுமில்லை, இவர்கள் சொல்லவுமில்லை. நேசராணி அவள் பாட்டுக்கு ரொட்டி தட்டினாள். பச்சைக் கோடு நகர்ந்தது.

இதில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. றிச்சர்ட் கங்காணிக்குப் படிப்புப் பிடித்துப்போய்விட்டது.

முதலில் கடமைக்குப் பார்த்தவர், பிறகு ஆசைக்குப் பார்த்தார். தொட்டில் பிள்ளை ஏன் கையை வாயில் வைக்கிறது, இரண்டு வயதுப் பிள்ளை ஏன் எல்லாவற்றுக்கும் "மாட்டேன்" என்கிறது என்று அகீலா மிஸ் சொல்லச் சொல்ல, ஆச்சரியத்தில் அட்டை ஏறுவதுகூட அவருக்குத் தெரியவில்லை. புதுச் சொற்கள் வாயில் ஒட்டிக்கொண்டன. மலையில் ஒரு பெண் கொழுந்தோடு முத்தல் இலையையும் கிள்ளிப் போட்டபோது, "ஒனக்கு நுண்தசை விருத்தி போதாது" என்றார். அந்தப் பெண் அதைக் கெட்ட வார்த்தை என்று நினைத்து அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை.

ஏழாம் பாடம்தான் ஆபத்தாகப் போனது. பிள்ளைகளை அதட்டக்கூடாது, சிறிய நல்ல காரியத்தையும் கண்டு பாராட்ட வேண்டும், அப்போதுதான் ஊக்கம் வரும் என்று அகீலா மிஸ் அதில் சொன்னார். கங்காணி அதைச் சாப்பிடாமல் கொள்ளாமல் யோசித்தார். மறுநாள் மலையில் நிரையோடு நிரையாக நடந்து போய் வேலாயிக்குப் பக்கத்தில் நின்றார். வேலாயிக்கு அம்பதைத் தாண்டிய வயது. கங்காணியோடு வாய்ச்சண்டை பிடிக்காவிட்டால் அவளுக்கு வெற்றிலை ருசிக்காது. இப்போதும் மாஸ்க்கை இறக்கித் தயாராகத்தான் நின்றாள்.

"வேலாயி," என்றார் கங்காணி மெதுவாக, "ரொம்ப நல்லா எடுக்கிற. ஒன் முயற்சிய நான் பாக்கிறேன்."

வேலாயியின் கை கொழுந்திலேயே நின்றுவிட்டது.

"என்னா கங்காணி சொன்னீங்க?"

"நல்லா எடுக்கிறன்னு சொன்னேன். சந்தோசமா இரு."

அவர் அடுத்த நிரைக்குப் போனார். அங்கேயும் அதே கதை. ஒருத்தியிடம், "களைச்சிட்டியா? கொஞ்சம் ஒக்காந்து எந்திரி" என்று சொல்லிவிட்டார். பெண்கள் கொழுந்தை விட்டுவிட்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள்.

"ஆளு சரியில்லடி" என்றாள் வேலாயி தாழ்ந்த குரலில். "மொகத்த பாத்தியா? சிரிக்கிறாரு."

"கொரோனா வந்தா மொதல்ல ருசி போவும்னு சொன்னாங்க. கொணமும் போவுமோ?"

"போவும் போல. நம்ம எல்லாருக்கும் பக்கத்துல பக்கத்துல வந்து பேசிட்டுப் போயிருக்காரே, மாரியாத்தா!"

தேத்தண்ணி நேரத்தில் செய்தி ஆபீசுக்குப் போனது. மத்தியானம் சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. ஐயா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, தலையிலிருந்து கால்வரைக்கும் பொலித்தீன் உடுப்பைப் போட்டுக்கொண்டு, கங்காணியைப் பெரட்டுக் களத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார். பெண்கள் தூரத்தில் வரிசையாக நின்று பார்த்தார்கள்.

"காய்ச்சல் இருக்குதா?"

"இல்லீங்க ஐயா."

"வேற ஏதாவது மாற்றம்?"

"மாற்றம்னா... மத்தவங்களோட நேர்மறையா பழகப் பாக்கிறேன்."

பி.எச்.ஐ. அதை எழுதிக்கொள்ளவில்லை. மூக்கை நிமிர்த்தச் சொல்லிக் குச்சியை உள்ளே விட்டார். விட்டதுதான் தாமதம், கங்காணி ஒரு கத்துக் கத்தினார் பாருங்கள். அதில் பி.எச்.ஐ.யின் பரம்பரை, குச்சியைக் கண்டுபிடித்தவனின் பரம்பரை, வேடிக்கை பார்த்த பெண்களின் பரம்பரை எல்லாம் அடங்கியிருந்தன. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் யாரோ "வந்துட்டேங்க" என்றார்கள்.

"அப்பாடா," என்றாள் வேலாயி கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "சொகமாயிருச்சு."

கொஞ்ச நேரத்தில் முடிவும் வந்தது. கொரோனா இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கங்காணி படிப்பை விடவில்லை. அடுத்து வந்த வேலை, ஒரு பிள்ளையை ஒரு கிழமை கவனித்து அறிக்கை எழுதுவது. பிள்ளைக்காம்பரா பூட்டியிருந்தது. அயல் வீட்டுப் பிள்ளைகளைத் தாய்மார் வெளியே விடவில்லை. கங்காணி பார்க்கக் கிடைத்தது மலையில் நின்ற ஆட்கள் மட்டும்தான். அவர்களுக்குள் யார் பிள்ளைக்குக் கிட்ட வருகிறார்கள் என்று யோசித்துப் பார்த்து, வேலாயியைத் தெரிவு செய்தார்.

"எழுது," என்றார் ஜெசீகாவிடம். "நிரையை மாற்றி விட்டால் சண்டைக்கு வருகிறாள். மழையில் நனைய அஞ்சமாட்டாள். கோபம் வந்தால் சாக்கைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வாள். வெற்றிலை கொடுத்தால் அமைதியாகிறாள்."

"அப்பா, வேலாயி மாமிக்கு அம்பது வயசுக்கு மேல."

"வயச எழுதாத."

"வெத்தலைய என்னா செய்றது?"

"அது உண்மை. உண்மைய மறைக்கக்கூடாதுன்னு மிஸ் சொல்லியிருக்கு."

அறிக்கை போனது. பச்சைக் கோடு வலது பக்கத்து முனையைத் தொட்டது. குரூப்பில் அகீலா மிஸ், இத்தனை பேர் சேர்ந்த கோர்ஸில் கடைசி வரைக்கும் வந்த மிகச் சிலரின் பேர்களைப் போட்டு, முதலாவதாக நேசராணிக்கு வாழ்த்துச் சொன்னார். அதுவரை காணாமல் போயிருந்தவர்கள் எல்லாரும் ரோசாப்பூவோடு திரும்பி வந்தார்கள். வாழ்த்துக்குக் கீழே ஒரு வரி இருந்தது: பூர்த்தி செய்தவர்களுக்கு வரும் வெள்ளிக்கிழமை சூமில் வாய்மொழிப் பரீட்சை.

ஜெசீகா வாசித்துக் காட்டினாள். நேசராணி மாவுக் கையோடு எழும்பி நின்றாள்.

"எனக்கு எதுவும் தெரியாதேங்க. நான் என்னாத்த சொல்றது?"

"ஒன் பக்கத்துலதானே நான் இருக்கேன். சாக்குக்குப் பின்னால இருந்து மெதுவா சொல்லித் தர்றேன்."

"மெதுவாவா? நீங்களா?" என்றாள் நேசராணி.

வெள்ளிக்கிழமை மழை. மடுவத்தில் தராசுக் கொக்கியில் சணல் கயிற்றால் போனைக் கட்டித் தொங்கவிட்டார்கள். வேறு எங்கே வைத்தாலும் சிக்னல் விழுந்துவிடும். நேசராணி ஞாயிற்றுக்கிழமைச் சேலை கட்டி எதிரே உட்கார்ந்தாள். கங்காணி வெறும் சாக்குக் குவியலுக்குள் முழங்காலை மடித்துப் பதுங்கினார். மழைக்கு ஒதுங்கிய வேலாயி மூலையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். அவளைப் போகச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

அகீலா மிஸ் திரையில் வந்தார். முக்காடு, கண்ணாடி, சிரித்த முகம்.

"நேசராணி, வாழ்த்துக்கள்! ஆனா நீங்க ஏன் ஊஞ்சல்ல இருக்கிறீங்க?"

"நான் இல்ல மிஸ், போனுதான் ஆடுது. காத்து."

"சரி, சரி. மூணு வயசுப் பிள்ளையிட நுண்தசை விருத்திக்கு என்ன பயிற்சி குடுக்கலாம்?"

நேசராணி வாயைத் திறந்தாள். அந்தச் சொல்லைப் புருசன் வாயில் கேட்டிருக்கிறாள்; அதுவும் திட்டாக. சாக்குக் குவியல் "மணி கோக்கிறது" என்றது. அது கங்காணியின் கணக்கில் குசுகுசுப்பு. மற்றவர் கணக்கில் சாதாரணப் பேச்சு.

"ஆம்பளைக் குரல் ஒண்டு கேக்குதே?"

"றேடியோ மிஸ்."

"றேடியோல நுண்தசை பத்தியா சொல்றாங்க?"

நேசராணி தலையைக் குனிந்தாள். அகீலா மிஸ் பேச்சை மாற்றினார். "பயப்படாதீங்க. நீங்க கவனிச்ச பிள்ளைய பத்திச் சொல்லுங்க. அந்த அறிக்கைய நான் மறக்கவே இல்ல. பிள்ளைக்கு என்ன வயசு?"

"மூணு மிஸ். நல்ல புள்ள."

"மூணு வயசுல வெத்தல போடுதா?"

மூலையில் சுண்ணாம்பு தடவிய விரல் நின்றது.

"கோபம் வந்தா சாக்க கீழ போட்டுட்டு உக்காந்திரும், வெத்தல குடுத்தா அமைதியாகும்னு எழுதி இருக்கீங்க. நிரைய மாத்தினா சண்டைக்கு வருமாம். யாரு நேசராணி இந்தப் பிள்ளை?"

நேசராணி விடைக்குச் சாக்குக் குவியலைப் பார்த்தாள். ஆனால் மடுவத்தில் ஒரு ஆளுக்குத் தெரிந்துவிட்டது. வேலாயி எழும்பி வந்து போனுக்கு முன்னால் நின்றாள்.

"நெரைய மாத்தினா சண்டைக்கு வர்ற புள்ள இந்த மலையில ஒன்னே ஒன்னுதான் மிஸ்ஸு. அது நான்தான். எனக்கு பேரப்புள்ள இருக்கு." அப்படியே திரும்பிச் சாக்குக் குவியலை ஒரு இழுப்பு இழுத்தாள். கங்காணி வெளியே உருண்டார். "என்னைய எழுதியிருக்கீரா கங்காணி? வெத்தல குடுத்தா அடங்கிருவேனா? என்னைக்காவது ஒரு காம்பு வெத்தல குடுத்திருக்கீரா நீரு?"

கங்காணி தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடுகிற போனுக்கு முன்னால் நின்றார். தோட்டத்துத் துரைக்கு முன்னால் நிற்கிற நிற்பு.

"மிஸ்ஸுக்கு வணக்கம். இதுல களவு ஒன்னும் இல்லீங்க. கைக்காசுல குடும்பமா எடுத்து ஒரே பேருல நிறுக்கிறது எங்க தோட்டத்து வழக்கம். நான் பாத்தேன், மக எழுதுச்சு, வேலாயி கிலுகிலுப்ப செஞ்சா. எல்லாம் நேசராணி பேருல போட்டோம். பாடம் ஒன்னு விடாம பாத்திருக்கேன். கேட்டுப் பாருங்க."

அகீலா மிஸ் வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டபோது சிரிப்பு இல்லை.

"சிரிச்சிட்டேன். ஆனா சரின்னு சொல்லல. பிள்ளைய தூக்கப் போறது நேசராணி. சர்டிபிகேட்டும் அவங்களுக்கு. நாளைக்கு ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தா, மலையில நிக்கிற ஒங்கள கூப்பிட்டு அனுப்பிட்டு காத்திருக்க ஏலுமா? இத என்னால மேல அனுப்ப ஏலாது."

வேலாயிகூட வெற்றிலையை மடித்து மடியில் செருகிக்கொண்டாள். அந்த இடம் கையை விட்டுப் போகிறது என்று கங்காணிக்கு அப்போதுதான் உறைத்தது.

நேசராணி தலையை நிமிர்த்தினாள்.

"தப்பு எனக்கும் இருக்கு மிஸ். போன குடுத்திட்டு சும்மா இருந்தவ நான்தான்."

"ஏன் விட்டீங்க? சிக்னலா? வேலைக் களைப்பா?"

"அதெல்லாம் இருந்துச்சு. ஆனா..." அவள் புருசனைப் பார்க்காமல் சொன்னாள். "பகல் முழுக்க மலையில இவரு பின்னால நிக்கிறாரு. படிக்க ஒக்காந்தாலும் பின்னால நிக்கிறாரு. தப்பா வெளங்கினாலும் யாருக்கும் தெரியாம வெளங்க ஒரு எடம் வேணும் மிஸ். அது எனக்கு கெடைக்கல."

வழக்கமாகப் பாதி கேட்கிற குரல் அன்றைக்கு முழுக்கக் கேட்டது. கங்காணி துவாயை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றினார்.

அகீலா மிஸ் திரைக்குக் கிட்ட வந்தார். "இத்தனை பேர் விட்டுட்டுப் போனாங்க. ஒருத்தரும் எனக்கு காரணம் சொல்லல. நான் சூரியன் படம் போட்டுட்டு இருந்தேன். சரி. முதல் பாடத்தில இருந்து திரும்பத் திறந்து விடுறேன். மாசக் கடைசிக்குள்ள முடிச்சா திரும்பப் பரீட்சை. ஒரு ஆள் மட்டும். கங்காணி ஐயா, நீங்க மடுவத்துப் பக்கம் வரக்கூடாது."

"வரமாட்டேங்க."

"வந்தா நான் சொல்றேன் மிஸ்ஸு" என்றாள் வேலாயி.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல் றிச்சர்ட் கங்காணி வாழ்க்கையில் கஷ்டப்பட்டதில்லை. சாயந்தரமானால் நேசராணி போனை எடுத்துக்கொண்டு தனியாக ஏறிப் போவாள். கங்காணி லயத்தில், அடுப்பில் வேகிற பருப்புக்கு முன்னால் உட்காருவார். பச்சைக் கோடு எதுவரை வந்திருக்கிறது என்று தெரியாது. கேட்கக்கூடாது. ஒருநாள் பொறுக்க முடியாமல், "அந்த மண்ணு திங்கிற புள்ள பாடம் வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டார். நேசராணி பார்த்த பார்வையில் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்புக்குத் திரும்பினார். வேலாயி வாசலைக் கடந்து போகும்போதெல்லாம், "என்னா கங்காணி, பருப்பு விருத்தி எப்பிடி?" என்று கேட்டாள். அறிக்கைக்கு அவள் பழி தீர்த்த விதம் அது.

ஒருநாள் நேசராணி ஏறிப் போகவில்லை. இரண்டு நாளாக மழை, சிக்னலும் விட்டுவிட்டுத்தான் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கணுக்காலெல்லாம் அட்டை கடித்த இடம். மாசக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. கங்காணியின் வாய் திறந்தது. தொண்டைவரைக்கும் "ஏய்" வந்துவிட்டது. ஏழாம் பாடத்துப் பாராட்டையும் நினைத்துப் பார்த்தார். அதைச் சொன்னால் திரும்பவும் பி.எச்.ஐ. வருவார். வாயை மூடிக்கொண்டு, ஒரு கத்தியையும் பழைய தகரத் துண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் நேசராணி மடுவத்துக்குப் போனபோது, அவள் உட்காருகிற இடத்துக்கு மேலே ஒழுகின ஓட்டை அடைபட்டிருந்தது. காட்டுக் கம்பில் அடித்த பெஞ்சு ஒன்று தரையிலிருந்து உயரமாக நின்றது. அதன் நாலு காலிலும் துணி தோய்க்கிற சவர்க்காரம் கெட்டியாகப் பூசியிருந்தது, அட்டை ஏறாமல். ஆள் யாரும் இல்லை. அவள் பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு விட்ட பாடத்தைத் திறந்தாள். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கங்காணியும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் பருப்பில் உப்பு அதிகம் என்று சொல்லாமல் சாப்பிட்டாள்.

மாசக் கடைசியில் பரீட்சை நடந்த சாயந்தரம், கங்காணி லயத்து வாசலில் நின்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் நடக்கிற நடையை வைத்தே முதுகில் எவ்வளவு கொழுந்து இருக்கிறது என்று சொல்லக்கூடியவர். நேசராணி இறங்கி வந்த நடையில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முழங்கால் நோவில் எப்போதும்போல் சாய்ந்து சாய்ந்து வந்தாள். வாசலுக்கு வந்து காலைக் கழுவினாள். ஜெசீகாவிடம் தேத்தண்ணி கேட்டாள். அதை ஊதி ஊதிக் குடித்தாள். பக்கத்துக் காம்பராவில் வேலாயி பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு கேள்வி பிழையாப் போச்சு" என்றாள் நேசராணி.

வேலாயி முழு உடம்போடும் வெளியே வந்தாள்.

"மத்ததெல்லாம் சொல்லிட்டேன். மிஸ் பாஸ் போட்டுட்டாங்க. பெரிய கிளாக்கருக்கும் சொல்லியாச்சாம்." கோப்பையைக் கீழே வைத்தாள். "திங்கக்கெழமையில இருந்து என் பேர மலைப் பெரட்டுல கூப்பிடாதீங்க."

கங்காணி ஒரு கத்துக் கத்தினார். ஜெசீகா காதைப் பொத்தினாள். லயத்துக் கோடியில் படுத்திருந்த நாய் எழும்பி ஓடியது.

திங்கட்கிழமை காலையில் பனி கலையவில்லை. ஆட்கள் மாஸ்க்கோடு தள்ளித் தள்ளி நின்றார்கள். கங்காணி பேர் கூப்பிடத் தொடங்கினார். இத்தனை மாசப் பழக்கம் நாக்கைவிட்டுப் போகவில்லை.

"நேசராணி!"

பதில் இல்லை. பள்ளத்துக்கு அந்தப் பக்கமும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கங்காணி நிமிர்ந்து பார்த்தார். கீழே பிள்ளைக்காம்பராவின் கதவு திறந்திருந்தது. ஒருத்தி கைப்பிள்ளையைக் கொடுத்துவிட்டு மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"அவுங்க இங்க இல்ல கங்காணி," என்றாள் வேலாயி. "அவுங்க உத்தியோகத்துக்குப் போயிட்டாங்க. அடுத்த பேர கூப்பிடுங்க, வெயிலு வருது."

கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.